குறைகடத்தி நானோ துகள்களைத் தயாரிக்க எந்த முறை ஏற்றது?

பலதுறைத் தொழிற்கல்லூரி இறுதியாண்டுத் திட்டப்பணிக்குக் குவாண்டம் புள்ளிகளை, அதாவது சில நானோமீட்டர் அளவேயுள்ள குறைகடத்தித் துகள்களை, தயாரிக்க எண்ணியிருக்கும் நீங்கள், மிகச் சூடான கரைப்பானில் மூலப்பொருளை ஊசியால் செலுத்தும் முறைதான் சிறந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். துகளின் தரத்தை மட்டும் பார்த்தால் ஆம் என்பேன். ஆனால் உங்கள் திட்டப்பணிக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

குவாண்டம் புள்ளியின் நிறத்தை அதன் அளவே தீர்மானிப்பதால், எல்லாத் துகள்களும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தால்தான் நிறம் தூய்மையாக இருக்கும். அதற்குப் படிகக் கருக்கள் (துகள் வளரத் தொடங்கும் நுண்ணிய படிகங்கள்) யாவும் ஒரே நேரத்தில் தோன்றி, அதன்பின் புதிய கரு எதுவும் உருவாகாமல், தோன்றியவை மட்டும் சீராக வளர வேண்டும். 1993ஆம் ஆண்டு அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் மர்ரே, நாரிஸ், பவெண்டி ஆகிய மூவரும் வெளியிட்ட முறை இதைத்தான் சாதித்தது. ஏறத்தாழ 300 பாகை செல்சியசில் இருக்கும் கரைப்பானில் காட்மியம், செலினியம் மூலப்பொருள்களை ஒரே வீச்சில் செலுத்தியதும் கருக்கள் திடீரெனத் தோன்றுகின்றன. உடனே வெப்பநிலையும் செறிவும் சரிவதால் கருவாக்கம் நின்றுவிடுகிறது. பிறகு 230 முதல் 260 பாகையில் வளரவிட்டால், குடுவையிலுள்ள திரவம் மஞ்சளாகி, செம்மஞ்சளாகி, சிவப்பாவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பவெண்டிக்கு 2023இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்ததற்கு அடிப்படை இந்த வேலைதான்.

இதில் முதலில் பயன்பட்ட டைமெத்தில் காட்மியம் நச்சுத்தன்மை உடையது, காற்றுப் பட்டாலே தீப்பற்றக்கூடியது. பின்னர் காட்மியம் ஆக்சைடு அதன் இடத்தைப் பிடித்தாலும் காட்மியக் கழிவு கழிவுதானே! நம் ஊர் ஈரப்பதத்தில், கரைப்பானை வெற்றிடத்தில் சூடாக்கி நீரை வெளியேற்றி, வேலை முடியும்வரை ஆர்கான் வாயுவின் கீழ் வைத்திருப்பதும் எளிதன்று. தவிரவும், பெரிய கலனில் ஊசிவழிக் கலவை சீராகப் பரவாது என்பதால், அதிக அளவில் தயாரிக்க வேண்டியவர்கள் எல்லாவற்றையும் முன்கூட்டியே கலந்து படிப்படியாகச் சூடேற்றும் முறையை நாடுவதுண்டு.

டெஃப்லான் உறையிட்ட எஃகுக் கலனில் நீரோடு சூடாக்கும் நீர்வெப்ப முறை மலிவானது. ஆனால் மூடிய கலனுக்குள் நடப்பதைப் பார்க்க முடியாது, இடையில் மாதிரி எடுக்கவும் வழியில்லை. அரைத்துப் பொடியாக்கும் முறையில் அளவு சீராக இராது, படிகக் குறைகளும் மிகும். அதை விட்டுவிடுங்கள்.

என் தேர்வு, காட்மியம் இல்லாத துத்தநாக ஆக்சைடைக் குளிர்ந்த கரைசலில் உருவாக்கும் முறை. எத்தனாலில் கரைத்த துத்தநாக அசிட்டேட்டைக் குளிரூட்டி, லித்தியம் ஹைட்ராக்சைடு கரைசலை நன்றாகக் கலக்கியபடி சேர்த்தால், சில நானோமீட்டர் அளவுள்ள துகள்கள் உருவாகும். புற ஊதா விளக்கின் கீழ் அவை பச்சை கலந்த மஞ்சளாக ஒளிர்வது பெரும்பாலும் படிகக் குறைகளால்தான் என்பதால், அந்த நிறத்தை மட்டும் வைத்து அளவைக் கணிக்காதீர்கள். உட்கவர் நிறமாலையின் விளிம்பையே, அதாவது துகள்கள் ஒளியை உறிஞ்சத் தொடங்கும் அலைநீளத்தையே, அளந்து பாருங்கள். துகள் சிறிதாக இருக்கும்போது அது 370 நானோமீட்டருக்குக் கீழே நிற்கும், துகள் வளர வளர அந்த எண்ணை நோக்கி நகரும். அறை வெப்பநிலையிலும் வளர்ச்சி தொடரும் என்பதால், எடுத்த மாதிரியை உடனே அளந்துவிடுங்கள். முடியாவிட்டால் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள்.