லாக் நேரங்கள் ஒத்துப்போகவில்லை: தனி நேர சர்வர் வாங்கலாமா?

கேள்வி: அலுவலகத்தில் 40 கணினிகள். எல்லாமே இணையத்திலிருந்துதான் நேரம் எடுக்கின்றன. ஆனாலும் ஏதாவது கோளாறு வந்து லாக்குகளை (எது எப்போது நடந்தது என்று கணினிகள் எழுதிவைக்கும் பதிவுகளை) ஒப்பிட்டால், கோரிக்கை போவதற்கு முன்பே பதில் வந்துவிட்டதாகக் காட்டுகிறது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களிடமிருந்து நேரம் எடுத்து மற்ற கணினிகளுக்குத் தரும் தனி நேர சர்வர் வாங்கினால் சரியாகுமா?

பதில்: சரியாகலாம். ஆனால் அவ்வளவு செலவு தேவைப்படாமலும் போகலாம்.

முதலில், வித்தியாசம் எவ்வளவு என்று பாருங்கள். விநாடிக்கணக்கில் இருந்தால் கணினியில் உள்ள நேரச் சேவையைத்தான் சந்தேகப்பட வேண்டும். கணினிக் கடிகாரத்தை ஓட்டும் குவார்ட்ஸ் படிகம் பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகினாலே நாளொன்றுக்கு 1.7 விநாடி தள்ளிப்போகும். வெப்பம் மாறினால் பிசகும் மாறும். எப்போதாவது ஒருமுறை திருத்திக்கொள்ளும் கணினி, இடையில் தன் போக்கில் ஓடிக்கொண்டிருக்கும். லினக்ஸில் குரோனி (chrony) என்ற நேரம் திருத்தும் மென்பொருளைப் போட்டால், படிகம் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதையே அளந்து இடைவிடாமல் ஈடுகட்டும்.

வித்தியாசம் மில்லிவிநாடிக் கணக்கில் என்றால் விஷயம் வேறு. நெட்வொர்க் வழியாக நேரம் கேட்டுத் திருத்திக்கொள்ளும் என்டிபி (NTP) முறையில், கேள்வி போக ஆகும் நேரமும் பதில் திரும்ப ஆகும் நேரமும் சமம் என்று வைத்துக்கொண்டுதான் கணக்கு போடப்படுகிறது. போக 40 மில்லிவிநாடி, வர 10 மில்லிவிநாடி ஆனால், கடிகாரம் 15 மில்லிவிநாடி தவறாகவே நிற்கும். பாதை அப்படியே இருக்கும்வரை எத்தனை முறை கேட்டாலும் இது தீராது. ஆனால் இந்தப் பிழை போய்வரும் மொத்த நேரத்தில் பாதியைத் தாண்டவே முடியாது. உள் நெட்வொர்க்கில் போய்வரும் நேரம் பொதுவாக ஒரு மில்லிவிநாடிக்கும் குறைவு. நேர சர்வரைப் பக்கத்தில் வைப்பதன் முழுப் பலனும் இதுதான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். லாக்குகள் பொருந்த, 40 கணினிகளும் தங்களுக்குள் ஒத்துப்போனால் போதும். ஆகவே இருக்கிற லினக்ஸ் கணினி ஒன்றில் குரோனியை நிறுவி, அதை மட்டும் நான்கைந்து வெளி சர்வர்களோடு இணைத்து, மற்றவை எல்லாம் அதனிடமே நேரம் கேட்கும்படி செய்யுங்கள். உங்கள் நிலையில் நான் இதைத்தான் முதலில் செய்வேன். வெளி சர்வர் இரண்டே இரண்டு வேண்டாம். அவை முரண்பட்டால் எதை நம்புவது என்று தெரியாது.

இணையமே இல்லாத நெட்வொர்க், அல்லது உலக நேரத்தோடு மைக்ரோவிநாடி அளவில் பொருந்த வேண்டிய வேலை என்றால் ஜிபிஎஸ் சர்வர் வாங்குங்கள். விநாடிக்கு ஒரு துடிப்பு தரும் பிபிஎஸ் வெளியீடு அதில் இருக்க வேண்டும். வெறும் யுஎஸ்பி ரிசீவர் இதற்கு உதவாது. அதில் தகவல் வந்து சேரும் நேரமே முன்பின்னாக இருக்கும். ஆன்டெனாவுக்குத் திறந்த வானம் தெரியும் இடம் வேண்டும், ஜன்னலோரம் போதாது. சிக்னல் போனால் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும் என்றும் கேளுங்கள். அது உள்ளே கடிகாரத்தை ஓட்டும் ஆசிலேட்டரைப் பொறுத்தது. பழைய ரிசீவர் என்றால் ஃபர்ம்வேரையும் (கருவிக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) பாருங்கள்: 1024 வாரத்துக்கு ஒருமுறை ஜிபிஎஸ் வார எண் பூஜ்யத்துக்குத் திரும்பும். 2019 ஏப்ரலில் அப்படித் திரும்பியபோது, புதுப்பிக்காத சில கருவிகள் தேதியையே தவறாகக் காட்டின.

அப்புறம், மெய்நிகர் கணினிகள் (ஒரே கணினிக்குள் மென்பொருளாக ஓடும் கணினிகள்) இருந்தால், அவற்றைத் தாங்கும் ஹோஸ்ட் கணினி வழியாக நேரம் திருத்தும் வசதியை அணைத்துவிடுங்கள். அதுவும் என்டிபியும் ஒரே கடிகாரத்தை ஆளுக்கொரு பக்கம் இழுக்கும்.