மனநல மருத்துவமனையில் தொழில்வழிச் சிகிச்சை எதற்காக?

ஆக்குபேஷனல் தெரபி என்று சொல்லப்படும் தொழில்வழிச் சிகிச்சை, ஒருவர் தம் அன்றாட வேலைகளைத் தாமே செய்துகொள்ளும் திறனை மீட்டுத் தரும் பயிற்சியாகும். குளிப்பது, பணத்தை எண்ணிச் செலவழிப்பது, பேருந்தில் தனியாகப் போய்வருவது எல்லாமே இதில் அடங்கும்.

மருந்து இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். மனச்சிதைவு போன்ற நோய்களில் யாரும் பேசாமலே காதில் கேட்கும் குரல்களையும் அச்சத்தையும் மருந்து பெரும்பாலும் தணிக்கிறது. ஆனால் நாட்டமின்மை, கவனக்குறைவு, ஒரு வேலையைத் திட்டமிட்டு முடிக்க இயலாமை ஆகியவை அதற்குப் பின்னும் தங்கிவிடுவதுண்டு. கால் முறிந்தவருக்கு எலும்பு கூடி மாவுக்கட்டைப் பிரித்த பின்பும், மெலிந்துபோன தசைக்குப் பயிற்சி கொடுக்காமல் நடை வராதல்லவா, அதைப் போன்றதே இதுவும்.

துணி துவைப்பதை எடுத்துக்கொள்வோம். ஊறவைத்துவிட்டு அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் வாளியருகே ஒருவர் நின்றுவிட்டால், சிகிச்சையாளர் துணியை வாங்கித் தாமே துவைத்துக் கொடுப்பதில்லை. எந்தப் படியில் தடைபடுகிறார் என்று கவனித்து, அந்த ஒரு படியை மட்டும் சொல்லிக்கொடுத்து, பிறகு மெல்ல விலகிக்கொள்கிறார். மிகுந்த பொறுமை வேண்டும் இந்த விலகலைத்தான் நான் இச்சிகிச்சையின் உயிர்நாடி என்பேன்.

1796 இல் இங்கிலாந்தின் யார்க் நகரில் வில்லியம் டியூக் என்ற வணிகரின் முயற்சியால் திறக்கப்பட்ட மனநோயாளர் காப்பகத்திலேயே தோட்டவேலையும் தையலும் சிகிச்சையாகக் கருதப்பட்டன. இன்றைய மீட்சிநோக்குப் பராமரிப்பு, எதைக் கற்க வேண்டும் என்பதில் நோயாளியின் விருப்பத்தையே முன்வைக்கிறது. சில அறிகுறிகள் எஞ்சியிருந்தாலும் தமக்குப் பொருளுள்ள வாழ்வை வாழ்வதையே அது மீட்சி என்கிறது.

கூடை பின்னுவதும் படம் வரைவதும் வெறும் பொழுதுபோக்கு என்றோ, பெயரில் தொழில் இருப்பதால் இது வேலை தேடித்தரும் ஏற்பாடு என்றோ பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் ஒவ்வொரு பணியும் அந்த நோயாளிக்கு எந்தத் திறன் குறைகிறதோ அதற்கெனத் தேர்ந்தெடுக்கப்படுவது, வேலைவாய்ப்பு அதில் ஒரு பகுதி மட்டுமே.