இசையா, ஓவியமா? இரண்டில் ஒன்றை ஏன் விட வேண்டும்?

கேள்வி: எனக்கு வயது 26. சேலம் இளம்பிள்ளையில் அப்பாவுக்கு நான்கு விசைத்தறிகள். சேலைப் பூவைத் துளைகளாகக் குறித்த ஜக்கார்டு அட்டைதான் இன்னும் ஓடுகிறது. பகலில் சேலை டிசைன் போட்டுக் கொடுக்கிறேன். இரவில் லேப்டாப்பில் மின்னிசை அமைத்து, அதற்கு அசையும் படங்களும் வரைகிறேன். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வேண்டாம், ஒன்றை விடு என்கிறார்கள் நண்பர்கள். சென்னை நிறுவனம் ஒன்று என் ஆறு இசைத் துண்டுகளையும் படங்களையும் சேர்த்து 30,000 ரூபாய்க்குக் கேட்கிறது. 'சகல உரிமைகளும் நிரந்தரமாக' என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. கையெழுத்துப் போடலாமா? சென்னைக்கே போய்விடலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தம்பி, அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தத் தாளில் இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

நீங்கள் அனுப்பிய ஆறையும் படங்களோடு சேர்த்துக் கேட்டேன். ஐந்தாவது எனக்குப் பிடிக்கவில்லை. மென்பொருளோடு வரும் ஆயத்த சிதார் துணுக்கு, அதன் மேல் பனிமூட்ட மலை. ஏற்காடு என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். ஏற்காட்டில் கால் வைக்காதவர்கூட அதைச் செய்துவிடலாம். நான்காவதைக் கேட்டபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். மோட்டார் பெல்ட் இழுபட்டுத் தறி கிளம்பும் முனகல். பிறகு ஊடை நூலை இழுத்துச் செல்லும் நாடா வலப்பக்கம் கணீரென்றும் இடப்பக்கம் கொஞ்சம் மந்தமாகவும் அடிக்கிறது. அந்த மந்தமான அடியின் மேல்தான் டிரம்மை வைத்திருக்கிறீர்கள். தறிக்கூடத்தில் வளர்ந்த காதுக்குத்தான் அந்த வித்தியாசம் பிடிபடும்.

திரையில் திறந்து மூடும் சிறு சதுரங்கள் ஜக்கார்டு அட்டையின் துளைகள் என்பது எனக்குச் சற்றுப் பிந்தித்தான் விளங்கியது. துளை இருந்தால் ஊசி நுழையும், நீளவாக்கில் ஓடும் பாவு நூல் மேலே எழும், இல்லையென்றால் எழாது. தாளம் அமைக்கும் டிரம் மெஷினின் 16 கட்டங்களும் அதே கணக்கில்தான் ஓடுகின்றன. கட்டத்தை நிரப்பினால் அடி விழும், விட்டால் விழாது. ஒரே அட்டையிலிருந்து ஒலியையும் படத்தையும் எடுத்திருக்கிறீர்கள். இதில் எது ஆறு, எது சேறு? நண்பர்களின் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் அவர்கள் இரண்டு வேலைகளாகப் பார்ப்பது உங்களுக்கு ஒரே வேலை. ஒன்றை வெட்டினால் மற்றதும் வாடிவிடும்.

கார்ஸ்டன் நிக்கோலாயைக் கேட்டுப் பாருங்கள். ஆல்வா நோட்டோ என்ற பெயரில் இசையமைப்பவர். கிழக்கு ஜெர்மனியில், இன்று கெம்னிட்ஸ் எனப்படும் ஊரில் 1965-இல் பிறந்தவர். அதுவும் ஆலைகளுக்கும் நெசவுக்கும் பேர்போன ஊர். அவர் படித்தது தோட்டக்கலை சார்ந்த நில வடிவமைப்பு. ஒலியைக் கண்ணால் காணும் பொருளாக்கிக் கலைக்கூடங்களில் வைத்தார். 1997-இல் ஜெர்மனியின் காசெல் நகரில் நடக்கும் டாக்குமெண்டா தற்காலக் கலைக் கண்காட்சியில் இடம்பெற்றார். ஜப்பானிய இசையமைப்பாளர் ரியுச்சி சகமோட்டோவுடன் சேர்ந்து ஹாலிவுட் படத்துக்கும் இசையமைத்தார். எதையும் விட்டுவிட்டு எதற்கும் போகவில்லை.

அதே மூச்சில் சரண்ஜித் சிங்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்திப் பட இசைக்குழுக்களில் வாசித்தவர். 1982-இல் ரோலண்டு நிறுவனத்தின் மூன்று மின்னிசைக் கருவிகளை வைத்துக்கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்தார். அன்று அது விலைபோகவில்லை. 2010-இல் மறுபதிப்பு வந்த பிறகுதான் உலகம் அவரைத் தேடி வந்தது. இடைப்பட்ட 28 ஆண்டுகள் அந்த இசைத்தட்டு அவருக்குச் சோறு போடவில்லை, வாசிப்புத் தொழில்தான் போட்டது. ஆகவே டிசைன் வேலையை விடாதீர்கள். வீட்டு அரிசிக்கு உங்கள் இசையைப் பொறுப்பாக்கினால், ஆயத்த சிதார்தான் மறுபடியும் வந்து உட்காரும்.

இப்போது ஒப்பந்தம். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமை மாற்றிக்கொடுக்கும் பத்திரத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா என்றுதான் பொருள். 'நிரந்தரமாக' என்ற ஒரு சொல் அந்தப் பாதுகாப்பைத் துடைத்துவிடுகிறது. 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் இன்னொன்றும் தந்திருக்கிறது. திரைப்படத்திலோ ஒலிப்பதிவிலோ சேரும் இசைக்கு, திரையரங்கக் காட்சி நீங்கலாக, வரும் ராயல்டியில் இசையமைத்தவரின் பங்கை, வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. கவனியுங்கள், இது இசைக்கும் பாடல் வரிகளுக்கும்தான். உங்கள் படங்களுக்கு இந்தக் காப்பு இல்லை. இரண்டையும் ஒரே தாளில் சேர்த்துக் கேட்பது எனக்கு உறுத்துவது அதனால்தான். இசைக்கு ஒரு பத்திரம், படத்துக்கு ஒரு பத்திரம் என்று பிரித்துக் கேளுங்கள். இசையமைத்தவர்களுக்கும் பாடல் எழுதியவர்களுக்கும் ராயல்டியைத் திரட்டித் தரும் பதிப்புரிமைச் சங்கமான ஐ.பி.ஆர்.எஸ்.-இல் இசையமைப்பாளராகச் சேருங்கள்.

சேலை டிசைன் போடுகிறவர் என்பதால் ஒன்று கூடுதலாக. உங்கள் படம் ஒன்றைச் சேலையில் ஏற்றும் எண்ணம் இருந்தால், எங்கும் வெளியிடுவதற்கு முன்பே 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தின் கீழ் பதிவு செய்துவிடுங்கள். பதிவு செய்யத் தக்க வடிவத்தைப் பதியாமல் தறியில் 50 முறைக்கு மேல் நெய்துவிட்டால் அதன் பதிப்புரிமை போய்விடும். ஊர் முழுக்க அதே பூ ஓடும்போது கேட்க வழியிருக்காது.

சென்னைக்குப் போவதா? வேலையாக அழைத்தால் போய்வாருங்கள், குடியேற வேண்டாம். ஏற்காடு சாலையில் நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைக் கடந்து போயிருப்பீர்கள். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அந்தக் கம்பெனியிலிருந்து வந்தன. மு.கருணாநிதி வசனம் எழுதச் சேலத்துக்கு வந்தார். உங்கள் ஒலி பிறக்கும் இடம் அப்பாவின் தறிக்கூடம். ஆடிப் பண்டிகைக்குத் தறிகள் நிற்கும் நாளில் அங்கேயே ஒரு வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, நான்காவதைப் போட்டுக் காட்டுங்கள். முதல் வரிசையில் அப்பாவை உட்கார வையுங்கள். நாடா வந்து முட்டும் இடப்பெட்டியின் மந்தச் சத்தத்தை அவர் உடனே கண்டுபிடிப்பார். நாடாப்பெட்டியைச் சரிபார்க்கச் சொன்னாலும் சொல்வார்.

நிறுவனத்துக்கு இந்த வாரமே எழுதுங்கள்: 'உரிமையை விற்பதாக இல்லை. மூன்று ஆண்டுகளுக்குப் பயன்படுத்த அனுமதி தருகிறேன், பிறருக்கும் தரும் உரிமை என்னிடமே இருக்கும். இசைக்கும் படத்துக்கும் தனித்தனிப் பத்திரம், தனித்தனித் தொகை. இரண்டிலும் என் பெயர் வர வேண்டும்.' பதில் வந்ததும் கையெழுத்துக்கு முன்னால் சேலத்திலேயே ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.