அம்மா வீட்டு ரத்தமா?

கேள்வி: என் மகன் நான்காம் வகுப்பு படிக்கிறான். கணவர் வீட்டில் பலர் டாக்டர்கள். என் அப்பா லாரி டிரைவர். பையனுக்கு மார்க் குறைந்தால், "அம்மா வீட்டு ரத்தம்" என்கிறார் மாமியார். எச்சிலை எடுத்து மரபணு பரிசோதனை செய்தால் பிள்ளைக்கு எதில் திறமை என்று தெரியுமாம். 12 ஆயிரம் ரூபாய் கேட்கிறார்கள். செய்யலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்: வேண்டாம். படிப்புக்கென்று தனி மரபணு எதுவும் இல்லை. ஆயிரக்கணக்கான இடங்களில் உள்ள சின்னச் சின்ன வேறுபாடுகளைக் கூட்டித்தான் கணக்குப் போடுகிறார்கள். 11 லட்சம் பேரை வைத்து 2018இல் வெளிவந்த ஆய்விலேயே, யார் எத்தனை ஆண்டு படித்தார்கள் என்ற ஏற்றத்தாழ்வில் 11 முதல் 13 சதவீதத்தைத்தான் அந்தக் கணக்கால் விளக்க முடிந்தது. அதுவும் ஐரோப்பிய வம்சாவளியினரிடம். நம்மவர்களிடம் இன்னும் தடுமாறும். ஒரே வீட்டு அண்ணன் தம்பியை ஒப்பிட்டாலும் அதன் வலு வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

உங்கள் மாமியாருக்கான பதில் இங்கேதான் இருக்கிறது. தாயும் தகப்பனும் தங்கள் மரபணுவில் ஆளுக்குப் பாதியைத்தான் பிள்ளைக்குத் தருகிறார்கள்; எந்தப் பாதி என்பது குலுக்கல் சீட்டு. தராத பாதி பிள்ளையின் உடம்பிலேயே இல்லை. ஆனால் அதே 2018இல் ஐஸ்லாந்தில் 21 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்தபோது, அந்தத் தராத பாதிக்கும் பிள்ளைகளின் படிப்போடு தொடர்பு தெரிந்தது. தந்த பாதியின் வலுவில் சுமார் 30 சதவீதம். உடம்புக்குள் போகாதது பெரும்பாலும் வீட்டின் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். (ஒத்த படிப்புள்ளவர்கள் கல்யாணம் செய்துகொள்வதும் இதில் கொஞ்சம் கலந்திருக்கும்.)

டாக்டர் வீட்டில் எந்தப் புத்தகம், எந்தக் கோச்சிங் என்பதெல்லாம் சாப்பிடும்போதே காதில் விழும். நீட் தேர்வில் ஒருமுறை தவறினால் இன்னொரு வருடம் உட்கார்ந்து படிக்க வசதி இருக்கும். உங்கள் அப்பாவுக்கு இவை வாய்த்திருக்குமா?

உங்கள் மகன் அந்த வீட்டில்தானே வளர்கிறான்? அப்படியும் மார்க் குறைந்தால் தடை வேறெங்கோ இருக்கிறது. கண், காது இரண்டையும் சோதியுங்கள். கரும்பலகை சரியாகத் தெரியாத பிள்ளையைத்தான் பல வீடுகளில் 'கவனம் இல்லை' என்று திட்டுகிறார்கள். ஹீமோகுளோபின் பாருங்கள், இந்த வயதில் 11.5 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை, களைப்பில் பாடம் ஏறாது.

பிறகு இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தில் ஒரு பத்தியை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். தானாகப் படிக்கும்போது எழுத்துக்கூட்டித் திணறி, நீங்கள் படித்துக் காட்டினால் மட்டும் உடனே புரிந்துகொள்கிறானா? அப்படியானால் டிஸ்லெக்சியா எனும் வாசிப்புக் குறைபாடா என்று மருத்துவ உளவியலாளரிடம் காட்டுங்கள். உறுதியானால் எழுத்தையும் ஒலியையும் இணைத்துச் சொல்லித்தரும் சிறப்புப் பயிற்சி தேவைப்படும்; சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும் கேட்கலாம்.

டிஸ்லெக்சியா குடும்பங்களில் தொடர்ந்து வரக்கூடியது, டாக்டர் குடும்பங்களிலும்தான். சின்ன வயதில் வாசிக்கத் திணறியவர்கள் யாராவது உண்டா என்று இரண்டு பக்கமும் விசாரியுங்கள். மாமியாரிடமிருந்தே தொடங்கலாம்.