பசுவின் காலும் யானையின் காலும்: பழைய ஓவியர்களிடம் கற்பது எப்படி?

கேள்வி: கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வசிக்கிறேன். எங்கள் வீட்டுப் பசுக்களையும் திருவிழாவுக்கு வரும் யானைகளையும் கைபேசியில் படமெடுத்து, அதைப் பார்த்து வரைகிறேன். சாயல் வருகிறது, உயிர் வரவில்லை. கால்கள் பொம்மைக் கால்களாகவே அமைகின்றன. பழைய ஓவியர்களின் படங்களைப் பார்த்து வரைந்தால் சரியாகுமா, என் சொந்தக் கை கெட்டுவிடுமா?

பதில்: கை கெடாது. கைபேசியை அருகில் பிடித்து எடுத்த படத்தில் தலை பெருத்துப் பின்பகுதி சிறுத்துவிடும். முக்கியமானதும் முக்கியமில்லாததும் ஒரே அளவில் பதிவாகும். நல்ல ஓவியர் எதை விட வேண்டும் என்று முன்பே முடிவு செய்திருக்கிறார். நீங்கள் கற்க வேண்டியது அந்த முடிவைத்தான்.

டச்சு ஓவியர் ரெம்ப்ராண்ட் 1637இல் கருஞ்சாக்கட்டியால் வரைந்த யானையிலிருந்து தொடங்குங்கள். இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குக் கொண்டு செல்லப்பட்ட ஹான்ஸ்கென் என்ற பெண் யானை அது. தோல் மடிப்புகளை அவர் அலங்காரமாகப் போடவில்லை. உடல் எங்கே உருண்டு திரும்புகிறதோ, அந்தப் போக்கிலேயே கோடுகளும் வளைகின்றன. அரை மணி நேரம் நிதானமாக அதைப் பார்த்து வரையுங்கள். பிறகு அதை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து ஒருமுறை வரைந்தால், எந்த இடத்தில் கை தயங்குகிறதோ அந்த இடத்தை நீங்கள் இன்னும் புரிந்துகொள்ளவில்லை என்று தெரிந்துவிடும்.

பெரும்பாலும் கை தயங்குவது காலில்தான். பசுவின் பின்னங்காலில் பின்னோக்கித் துருத்தி நிற்கும் மூட்டை முழங்கால் என்று எண்ணித்தான் பலர் தவறுகிறார்கள். அது உண்மையில் குதிகால். முழங்கால் அதற்கு மேலே, வயிற்றை ஒட்டித் தோலுக்குள் மறைந்திருக்கிறது. முன்னங்காலில் முட்டி என்று நாம் சொல்வதும் மணிக்கட்டுதான். யானைக்கோ பின்னங்காலின் முழங்கால் தாழ்வாக, வெளியே தெரியும்படி அமைந்து, நம்முடையதைப் போலவே முன்பக்கம் மடங்கும். பசுவின் காலை யானைக்குப் பொருத்தினால் பொம்மைதான் கிடைக்கும். இந்த எலும்பு அமைப்பை அறிவதற்காகவே ஆங்கிலேய ஓவியர் ஜார்ஜ் ஸ்டப்ஸ் ஏறத்தாழ 18 மாதங்கள் குதிரைகளின் உடல்களை அறுத்து ஆராய்ந்து, 1766இல் நூலாக வெளியிட்டார். உங்களுக்கு அந்தப் பாடு வேண்டியதில்லை; விடியற்காலையில் தொழுவத்தில் உட்கார்ந்து, படுத்திருக்கும் பசு எழுவதைப் பாருங்கள். முன்கால்களை மடக்கி ஊன்றியபடியே அது முதலில் பின்பகுதியைத் தூக்கும். எந்த மூட்டு எந்தப் பக்கம் மடங்குகிறது என்பது அந்தச் சில நொடிகளில் தெளிவாகத் தெரியும்.

நம் பக்கத்துச் சிற்பிகளையும் விட்டுவிடாதீர்கள். மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசுப் பாறையில், பின்னங்காலால் மூக்கைச் சொறிந்துகொள்ளும் மான் ஒன்று இருக்கிறது. மயிரோ புள்ளியோ இல்லாமல், கழுத்தின் வளைவு ஒன்றாலேயே அது உயிரோடு இருப்பதாகத் தோன்றுவது எனக்கு இன்றும் வியப்பூட்டுகிறது. அந்த வளைவை ஒரே கோட்டில் பிடிக்க முயல்வது நல்ல பயிற்சி.

பழையவர் வரைந்தார் என்பதற்காக எல்லாவற்றையும் நம்பிவிடவும் வேண்டாம். ஜெர்மானிய ஓவியர் ட்யூரர் 1502இல் வரைந்த முயல் கண்ணால் கண்டது. 1515இல் மரச்செதுக்கு அச்சாக வெளியிட்ட காண்டாமிருகமோ அவர் நேரில் பார்க்காதது. அதனால்தான் அதன் தோல் கவசத் தகடுகளைப் போல இருக்கிறது, முதுகிலும் ஒரு சிறு கொம்பு முளைத்திருக்கிறது. எனவே எந்தப் படத்தைப் பார்த்து வரைந்தாலும், அதே நாளில் அதை உயிருள்ள விலங்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். யானையை வரையும்போது மட்டும், பாகன் காட்டும் இடத்தில், காட்டும் தூரத்தில் நின்றே வரையுங்கள்.