தனியாக நின்று என் நடன வாழ்க்கையைப் பேசி ஆடினால் அது நடனமா, வெறும் பேச்சா?

நடனம்தான். நீங்கள் கேட்ட விதத்தைப் பார்த்தால், ஏதோ ஒரு குழுவில் வருடக்கணக்காகப் பின்வரிசையில் ஆடியவர் என்று தோன்றுகிறது. முன்வரிசையில் நின்றவர்களுக்கு இந்தச் சந்தேகம் வந்து நான் பார்த்ததில்லை.

பிரான்சின் நடன அமைப்பாளர் ஜெரோம் பெல், 2004-ல் பாரிஸ் ஓபரா பாலேயில் ஓய்வு பெறவிருந்த வெரோனிக் துவானோவைத் தனியாக மேடையேற்றினார். 42 வயது. தன் சம்பளத்தைச் சொல்கிறார். 'ஸ்வான் லேக்' பாலேயில் நாயகி ஆடும்போது பின்னால் சிலையாக நிற்கும் தன் பாகத்தை அப்படியே நின்று காட்டுகிறார். 2009-ல் அதேபோல் அவர் மேடையேற்றியது செட்ரிக் ஆந்த்ரியூவை. நியூயார்க்கில் நவீன நடன அமைப்பாளர் மெர்ஸ் கன்னிங்ஹாமின் குழுவில் 1999 முதல் 2007 வரை ஆடியவர். ஒரு பையும் தண்ணீர் பாட்டிலுமாக வந்து நின்று, அன்றாடப் பயிற்சியின் சலிப்பைக்கூட மறைக்காமல் சொல்லி, ஆடியும் காட்டுவார்.

நான் சென்னையில் ஒரு நவீன நடனக் குழுவில் 11 வருடம் இருந்தேன். ஒரு தயாரிப்பில் நீலத் துணிக்குப் பின்னால் 12 நிமிடம் ஒருக்களித்துப் படுத்திருப்பேன். ஒரு கை மட்டும் எழும். அசைவு தோளில் தொடங்கி விரல்நுனிக்கு வந்துசேர 4 நிமிடம். அன்று நிகழ்ச்சி முடிந்ததும் அம்மா கேட்டாள்: "எல்லாம் சரி, நீ எங்கடி இருந்தே?"

37 வயதில், 60 பேர் உட்காரும் ஒரு ஹாலில் என் தனி நிகழ்ச்சி. துணி இல்லாமல் அதே 12 நிமிடம். படுத்தபடியே பேசினேன்: மூன்று மாத ரிகர்சலுக்குப் பணம் கிடையாது, ஷோவுக்கு 1500 ரூபாய், எத்தனையாவது நிமிடத்தில் இடுப்பு மரத்துப்போகும் என்பதெல்லாம். நடுவில் குரல் உடைந்தது, கை நடுங்கவில்லை. அம்மா வெளியே வந்து ஒன்றும் பேசவில்லை. என் வலது கையைப் பிடித்துத் தோளிலிருந்து விரல்வரை நீவிவிட்டாள்.

"சுயபுராணம்" என்று சண்டைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று. பரதநாட்டியத்தில் பதம் என்கிற காதல் பாட்டுக்கு நாயகியாக நின்று உருகினால் ஏற்கிறீர்கள். அதே உடம்பு தன் கதையைச் சொன்னால் ஏன் பொறுக்கவில்லை? மரபைக் குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். சின்ன வயதில் பரதம் கற்றபோது முட்டியை மடக்கிப் போட்ட அரைமண்டிதான் இன்றைக்கும் என்னை நிறுத்துகிறது.

கால் என்றதும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நாங்கள் ரிகர்சல் செய்தது சிமென்ட் தரையில். மரத்தரை போடுங்கள் என்று கேட்கும்போதெல்லாம் "டிசம்பர் சீசன் முடியட்டும்" என்றார்கள். எத்தனையோ சீசன் முடிந்தது. என் இடது முட்டியில் குருத்தெலும்பு தேய்ந்ததுதான் மிச்சம். ஸ்கேன், மருந்து, பிசியோதெரபி எல்லாம் என் கைக்காசு. விளக்குக்கும் மைக்குக்கும் அள்ளிக் கொடுக்கிறவர்கள் ஆடுகிறவளின் காலடியைக் குனிந்து பார்ப்பதில்லை. இன்றும் மாடிப்படி இறங்கும்போது அந்த ரிகர்சல் ஹால்தான் ஞாபகம் வருகிறது.

நீங்கள் பேச்சை எழுதி மனப்பாடம் செய்யாதீர்கள். முதலில் ஆடிக்கொண்டே பேசிப் பாருங்கள். மூச்சு வாங்குகிற இடத்தில் வாக்கியத்தை முடியுங்கள். இடம் பார்க்கப் போனால் செருப்பைக் கழற்றிவிட்டு, முதலில் தரையில் நாலு முறை குதித்துப் பாருங்கள்.