முதலில் சதுரம், பிறகு சித்திரம்: வாசகர் கேள்வி பதில்

நுண்கலை படித்தவள் நான். கணக்கெல்லாம் பத்தாம் வகுப்போடு சரி. கைப்பேசியில் விளையாடுகிற மாதிரி சின்ன கேம் ஒன்றை நானே செய்ய ஆசை. எதில் தொடங்கலாம்?
– வாசகி, கும்பகோணம்

நீங்கள் பயப்படும் கணக்கு இதில் இல்லை. கூட்டல், கழித்தல், பெருக்கல், எக்ஸ், ஒய். தொடக்கத்துக்கு அவ்வளவுதான். கணினியில் வரைபவர்களுக்கு இதில் ஒரு வசதியும் உண்டு. ஓவிய மென்பொருளில் கேன்வாஸின் இடது மேல் மூலைதான் பூஜ்யம். கீழே போகப் போக ஒய் கூடும். 2டி கேம் என்ஜின்கள் (கேம் செய்ய உதவும் மென்பொருள்கள்) பலவற்றிலும் அப்படியே. பள்ளி கிராஃப் தாளில் ஒய் மேலே ஏறும் என்று பழகியவர்கள்தான், பாத்திரம் மேலே குதிக்க ஏன் மைனஸ் எண் கொடுக்க வேண்டும் என்று குழம்புவார்கள்.

எங்கள் தேர்வு கோடோ என்ஜினின் நான்காம் பதிப்பு. இலவசம், திறமூலம். எம்ஐடி உரிமம் என்பதால் கேமை விற்றாலும் என்ஜினைச் செய்தவர்களுக்குப் பங்கு தர வேண்டியதில்லை. அதன் ஜிடிஸ்கிரிப்ட் மொழி, பைத்தான் என்ற நிரல் மொழியின் சாயலில் இருக்கும். மடிக்கணினி பழையது என்றால், புதிய புராஜெக்ட் தொடங்கும்போது ரெண்டரர் (திரையில் படம் வரையும் பகுதி) என்ற இடத்தில் ‘கம்பாட்டிபிலிட்டி’யைத் தேர்ந்தெடுங்கள். மற்ற இரண்டும் புதிய வகை கிராஃபிக்ஸ் வசதியை எதிர்பார்ப்பவை. பழைய கணினியில் திறக்காமலே போகலாம்.

‘இப்படியானால் அப்படிச் செய்’ என்ற சிந்தனையே உங்களுக்குப் புதிது என்றால், கட்டங்களை இழுத்துப் பொருத்தி நிரல் எழுதும் ஸ்கிராட்ச்சில் ஒரு வாரம் கை பழகிவிட்டு வாருங்கள். ஒரு எச்சரிக்கை: அங்கே மேடை 480க்கு 360, பூஜ்யம் நடுவில், ஒய் மேல்நோக்கிக் கூடும். கோடோவுக்கு வரும்போது திசை தலைகீழாகும்.

நாயகனுக்கு 40 படங்கள், மூன்று பின்னணிகள் எல்லாம் வரைந்து முடித்துவிட்டேன். நிரல் எழுத உட்கார்ந்தால் எங்கே தொடங்குவது என்றே புரியவில்லை. இரண்டு மாதமாக அப்படியே கிடக்கிறது.
– வாசகர், கோயம்புத்தூர்

வரைந்ததை ஒரு ஃபோல்டரில் போட்டு மூடுங்கள். இரண்டு வாரத்துக்கு அதைத் திறக்கவே வேண்டாம். ஓவியப் பின்புலத்திலிருந்து வருபவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இதுதான். விளையாட்டு அசைவதற்கு முன்பே படம் முடிந்துவிடுகிறது. பிறகு நாயகன் 64 பிக்சல் இருந்தால் ஆட்டம் கஷ்டம், 80 வேண்டும் என்று தெரியவந்தால் எல்லாவற்றையும் மறுபடி வரைய வேண்டும். பிக்சல் ஓவியத்தை ஒன்றேகால் மடங்கு பெரிதாக்கினால் கட்டங்கள் ஒழுங்கு குலைந்துபோகும்.

வெறும் வண்ணச் சதுரங்களை வைத்து, விழும் மாங்காயைக் கூடையில் பிடிக்கும் ஆட்டம் ஒன்றைச் செய்யுங்கள். நிரல் ஐம்பது வரிகளைத் தாண்டாது.

புராஜெக்ட் செட்டிங்ஸில் திரை அளவை 360க்கு 640 என வையுங்கள். கோடோவில் கேமின் ஒவ்வோர் உறுப்பும் ஒரு ‘நோட்’. கூடைக்கு, மற்றவை தன்மேல் படுவதை உணரும் ‘ஏரியா2டி’ நோட் ஒன்று. அதற்குள் மோதும் வடிவத்தைக் குறிக்கும் ‘கொலிஷன்ஷேப்2டி’ ஒன்று, 64க்கு 16 அளவில் வண்ணச் செவ்வகமான ‘கலர்ரெக்ட்’ ஒன்று. கலர்ரெக்ட்டின் பூஜ்யம் அதன் மூலையில் இருப்பதால், அதை மைனஸ் 32, மைனஸ் 8 என்ற இடத்துக்கு நகர்த்தினால்தான் கூடையின் நடுப்புள்ளி நடுவில் அமையும். இதைச் செய்யாவிட்டால் கண்ணுக்குத் தெரியும் கூடை ஓரிடத்திலும் மோதும் இடம் வேறிடத்திலும் இருக்கும்.

அடுத்து அசைவு. இடது அம்புக்குறிக்கு மைனஸ் ஒன்று, வலதுக்கு ஒன்று, எதையும் அழுத்தாவிட்டால் பூஜ்யம். அந்தத் திசையை வேகத்தால் (300 வையுங்கள்) பெருக்கி, அதை மீண்டும் ‘டெல்டா’வால் பெருக்கிக் கூடையின் எக்ஸோடு கூட்டுங்கள். டெல்டா என்பது போன ஃபிரேமுக்கும் இந்த ஃபிரேமுக்கும் இடைப்பட்ட நேரம். நொடிக்கு 60 ஃபிரேம் ஓடினால் சுமார் 0.0167 நொடி. அனிமேஷன் தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்: நொடிக்கு 12 படம் என்று வரைந்ததை 24இல் ஓட்டினால் நடை ஓட்டமாகிவிடும் அல்லவா? டெல்டாவை விட்டுவிட்டால் 120 ஹெர்ட்ஸ் கைப்பேசியில் உங்கள் கூடை இரட்டை வேகத்தில் பறக்கும்.

கூடை திரையை விட்டு வெளியே போகாமல் இருக்க எக்ஸை 32க்கும் 328க்கும் இடையில் ‘கிளாம்ப்’ செய்யுங்கள். கூடையின் பாதி அகலம் 32. அதை 360இலிருந்து கழித்தால் 328.

மாங்காய் தனி சீன் (தனிக் கோப்பாகச் சேமிக்கும் நோட்களின் தொகுப்பு). அதுவும் ஏரியா2டிதான், 16க்கு 16. ஒவ்வொரு ஃபிரேமிலும் அதன் ஒய்யோடு 150 பெருக்கல் டெல்டாவைக் கூட்டுங்கள். 660ஐத் தாண்டினால் ‘க்யூ ஃப்ரீ’ கட்டளையால் நீக்கிவிடுங்கள். இந்த வரியை மறந்தால் பார்வைக்கு எந்தக் குறையும் தெரியாது. ஆனால் தவறிய காய்கள் திரைக்கு அடியில் விழுந்துகொண்டே குவியும். நேரம் போகப் போக ஆட்டம் திணறும். 1.2 நொடிக்கு ஒருமுறை அடிக்கும் டைமர் புதுக் காய்களை இறக்கட்டும். இடம் 16க்கும் 344க்கும் நடுவே ஏதோ ஓர் எண்.

கூடையில் விழுந்ததை அறிய ‘ஏரியா என்டர்டு’ சிக்னல், அதாவது ஒன்று நடந்ததும் நோட் அனுப்பும் அறிவிப்பு. புதியவர்கள் அதிகம் சிக்குவது இங்கேதான்: அப்போது ஓட வேண்டிய நிரல் துண்டை (செயற்கூறை) எழுதியிருப்பார்கள், சிக்னலை அதோடு இணைத்திருக்க மாட்டார்கள். பிழைச் செய்தி வராது, மதிப்பெண்ணும் ஏறாது. செயற்கூறின் முதல் வரியில் ஒரு ‘பிரிண்ட்’ போட்டுப் பாருங்கள். அது அச்சாகவில்லை என்றால் இணைப்பு இல்லை, அல்லது கொலிஷன்ஷேப்புக்கு வடிவமே கொடுக்கவில்லை. வடிவம் விடுபட்டிருந்தால் நோடின் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் காட்டும். அதை அலட்சியம் செய்யாதீர்கள்.

மூன்று காய் தவறினால் ஆட்டம் முடிவு. கைப்பேசிக்கு, அம்புக்குறிகளுக்குப் பதிலாக மவுஸ் இருக்குமிடத்தின் எக்ஸைக் கூடைக்குக் கொடுத்தால் போதும். விரல் தொடுவதை மவுஸாக எடுத்துக்கொள்ளும் அமைப்பு கோடோவில் இயல்பாகவே இயங்கும்.

இனி 300, 150, 1.2 ஆகிய மூன்று எண்களையும் மாற்றி மாற்றி விளையாடுங்கள். சதுரங்களோடு ஆடும்போதே ‘இன்னும் ஒரு ஆட்டம்’ என்று தோன்ற வேண்டும். தோன்றிய பிறகு ஃபோல்டரைத் திறக்கலாம்.

பிக்சல் ஆர்ட் மங்கலாகத் தெரிகிறது. பாத்திரம் நடக்கும்போது இடமும் வலமும் உதறுகிறது. படம் 300 கேபிதான், ஆனாலும் கைப்பேசி திணறுகிறது.
– வாசகர், யாழ்ப்பாணம்

மூன்றும் தனித்தனிக் கோளாறுகள். மங்கலுக்கு, செட்டிங்ஸில் ரெண்டரிங், டெக்ஸ்சர்ஸ் பகுதியில் ஃபில்டரை ‘லீனியர்’ என்பதிலிருந்து ‘நியரஸ்ட்’ ஆக்குங்கள். திரை அளவும் முழு மடங்காகப் பெரிதாக வேண்டும்: 320க்கு 180 என்பதன் நான்கு மடங்கு 1280க்கு 720, ஆறு மடங்கு 1920க்கு 1080.

உதறலுக்குக் காரணம் பெரும்பாலும் ஓவிய மென்பொருளிலிருந்து படத்தை ஏற்றுமதி செய்வதில் இருக்கிறது. சுற்றியுள்ள வெற்றிடத்தை வெட்டும் ‘ட்ரிம்’ இயங்கினால் ஒவ்வொரு ஃபிரேமின் மையமும் வேறாகிவிடும். அதை அணைத்துவிடுங்கள். 32க்கு 32 அளவில் எட்டு ஃபிரேம் என்றால், அவற்றை ஒரே வரிசையில் அடுக்கிய தாள் சரியாக 256க்கு 32 இருக்க வேண்டும். ஊன்றிய கால் எல்லாவற்றிலும் ஒரே கோட்டில் இருக்கட்டும்.

300 கேபி என்பது கோப்பில் சுருங்கியிருக்கும் அளவு. கேம் ஓடும்போது நினைவகத்தில் பிக்சலுக்கு நான்கு பைட் வீதம் விரியும். 1920க்கு 1080 அளவுள்ள ஒரே ஃபிரேம் சுமார் 8 எம்பி. அப்படி 24 என்றால் 200 எம்பியை நெருங்கும். முழுத் திரையையும் ஃபிரேம் ஃபிரேமாக வரையாமல், கை, கால், தலையைத் தனித்தனிப் படமாக வைத்து அசையுங்கள்.

கணினியில் ஓடிய கேம், ஆண்ட்ராய்டில் சில படங்களைக் காட்டவில்லை.
– வாசகி, மதுரை

கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாறியிருக்கும். விண்டோஸ் அதைப் பொறுத்துக்கொள்ளும், ஆண்ட்ராய்டு பொறுக்காது. எல்லாப் பெயர்களையும் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், இடைவெளி இல்லாமல் வையுங்கள். பெயரை எக்ஸ்ப்ளோரரில் மாற்றாமல் கோடோவுக்குள்ளேயே மாற்றுங்கள். அப்போதுதான் அதைச் சுட்டும் இடங்களும் சேர்ந்து மாறும்.

யூடியூப் பாடத்தை வரிக்கு வரி அப்படியே அடித்தேன். சிவப்புக் கோடாக வருகிறது.
– வாசகர், சேலம்

பாடம் கோடோவின் மூன்றாம் பதிப்புக்கானதாக இருக்கும். 2023 மார்ச்சில் நான்காம் பதிப்பு வந்தபோது பல பெயர்கள் மாறின. ‘கைனமேட்டிக்பாடி2டி’ இப்போது ‘கேரக்டர்பாடி2டி’. ‘ஈல்டு’க்குப் பதில் ‘அவெய்ட்’. ‘இன்ஸ்டன்ஸ்’ என்பது ‘இன்ஸ்டன்ஷியேட்’. பாத்திரத்தை நகர்த்தும் ‘மூவ் அண்ட் ஸ்லைடு’ கட்டளை அடைப்புக்குறிக்குள் இனி எதையும் ஏற்காது. வேகத்தை முன்வரியில் ‘வெலாசிட்டி’யில் போட்டுவிட வேண்டும். அந்த வேகத்தை டெல்டாவால் பெருக்காதீர்கள், ‘மூவ் அண்ட் ஸ்லைடு’ உள்ளேயே பெருக்கிக்கொள்ளும்; நீங்களும் பெருக்கினால் பாத்திரம் நகர்வதே தெரியாது. புவியீர்ப்பைக் கூட்டும் வரியில் மட்டும் டெல்டா இருக்கட்டும்.